மூன்றாவது படம்

அந்த வீட்டில் இன்ரநெற் குசினி யன்னலில்தான் குடியிருந்தது. வேறெங்கே வைத்தாலும் அதற்குப் பிடிக்காது. பிராண்டேயிலிருந்து கிரின்ஸ்டெட் போகிற வீதியில் ஏழு கிலோமீற்றர் ஓடி, வயல்வெளிக்குள்ளால் திரும்பினால் தனியே நிற்கிற வீடு அது. வீட்டுக்காரி கத்தரீனா எழுபது தாண்டிய டேனிஷ் மனுசி. தன் ரோசாச் செடிகளின் வேரை வெட்டி வயர் தாழ்க்கத் தான் உயிரோடு இருக்கும்வரை விடமாட்டேன் என்று வாடகைக்குக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள். ஆகவே ஜீவரட்ணம், கடையில் காட் வாங்கி நம்பர் அடித்துப் பாவிக்கிற மொபைல் இன்ரநெற் குச்சி ஒன்றைக் கொண்டுவந்து, நீட்டு வயரில் கொழுவி, மனைவி கிருபாமலரின் மா அரிதட்டுக்குள் நிமிர்த்தி வைத்தான். அரிதட்டு சிக்னலை ஏந்திப் பிடிக்கும் என்று அவன் வேலை செய்த காற்றாலைத் தொழிற்சாலையில் யாரோ சொல்லியிருந்தார்கள். சொன்னதில் பொய்யில்லை, ஒரு கோடு இரண்டு கோடானது. அன்றிலிருந்து பிட்டுக்கு மா அரிக்க வேண்டுமென்றால் முதலில் இன்ரநெற்றை இறக்கிவைக்க வேண்டும்.

அந்த இன்ரநெற் காட்டுக்கு ஓர் அளவு உண்டு. அளவு முடிந்தால் லைன் அறுந்துபோகாது. அறுந்தாலாவது மனிதர் ஆறியிருக்கலாம். வேகம் மட்டும் விழுந்துவிடும். எழுத்து நொண்டி நொண்டி வரும், படம் வராது. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வட்டத்தைப் பார்த்துப் பார்த்தே அந்த வீட்டில் எத்தனையோ தேத்தண்ணீர் ஆறிப்போயிருக்கிறது. சாதாரண காலத்தில் இது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். ஆனால் இரண்டாயிரத்தொன்பதாம் ஆண்டு மே மாதம் சாதாரண காலம் அல்ல.

இலங்கையில் போர் முடிந்துவிட்டது என்று அந்த வாரத் தொடக்கத்தில் உலகம் சொன்னது. டேனிஷ் தொலைக்காட்சியில் வானிலைக்கு முன்னால் இருபது செக்கன் காட்டினார்கள். கிருபாமலர் வேலை செய்த முதியோர் இல்லத்துச் சமையலறையில் கூட நிற்கிற பெண் ஒருத்தி, "நல்லது, இனிச் சமாதானம்தானே" என்று அவள் தோளில் தட்டினாள். அவளில் பிழையில்லை. கிருபாமலர் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போய் உருளைக்கிழங்கு உரித்தாள்.

அவளுடைய ஒரே தம்பி தேவராசா வன்னிக்குள் இருந்தான், அவனை நேரில் கண்டு பத்தொன்பது வருடம். முப்பத்தாறு வயது, கல்யாணம் முடிக்காதவன், றேடியோ திருத்துவது தொழில். ஏப்ரல் நடுவில் யாருடையதோ சற்றலைற் போனில் இரண்டு நிமிடம் கதைத்தான். "அக்கா, இருக்கிறன். யோசியாதை" என்றான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

கிருபாமலர் பெந்தெகொஸ்தே சபைக்காரி. அழுவதைவிட ஜெபிப்பது அவளுக்குப் பழக்கமானது. அந்த ஞாயிற்றுக்கிழமை ரண்டர்ஸ் சபையிலிருந்து சிஸ்டர் மேரிகிறேஸ் ஓர் ஒழுங்கு செய்தார். ஏழு நாள் சங்கிலி ஜெபம். டென்மார்க் முழுவதிலுமிருந்து பதினைந்து வீடுகள் ஸ்கைப்பில் சேர்ந்து, ஒரு வீடு மாறி ஒரு வீடு மணித்தியாலக் கணக்கில் ஜெபிப்பது, சங்கிலி அறாமல் பார்ப்பது. முறை இல்லாதவர்கள் லைனை வெட்டலாம். கிருபாமலர் வெட்டவில்லை. லப்ரொப்பைக் குசினி மேசையில் திறந்தபடியே விட்டாள். தான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்திலும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்திலும், ஆளில்லாத வீட்டுக்குள் தம்பியின் பெயர் சொல்லி யாராவது ஜெபித்துக்கொண்டே இருக்கட்டும் என்பது அவள் எண்ணம். வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது கிரின்ஸ்டெட்டிலிருந்தோ ரண்டர்சிலிருந்தோ ஒரு குரல், "தேவராசாவை உமது செட்டையின் நிழலில் மறைத்தருளும் ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டிருக்கும். சப்பாத்தைக் கழற்றாமலே நின்று "ஆமென்" என்பாள்.

ஜெபத்தோடு நிற்கவில்லை, எழுதவும் செய்தாள். காயப்பட்டவர்களைக் கொண்டுவந்து போட்டிருந்த ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற குருசுமுத்துச் சுவாமியாரின் ஈமெயில் விலாசம் கிடைத்தது. கத்தோலிக்கச் சுவாமியார். மற்ற நாளென்றால் அவள் இரண்டு தரம் யோசித்திருப்பாள், அந்த நாளில் ஒரு தரமும் யோசிக்கவில்லை. தம்பியின் பெயர், வயது, சமாதான காலத்தில் அவன் அனுப்பிய ஒரு படம் எல்லாம் திங்கட்கிழமை அனுப்பினாள். உடம்பில் அடையாளம் ஏதும் உண்டா என்று சுவாமியார் திருப்பிக் கேட்டார். அவள் மூளையைக் கசக்கிப் பார்த்தாள். மச்சமில்லை, தழும்பில்லை. இல்லை என்றே எழுதினாள்.

வியாழக்கிழமை கிறிஸ்து பரமேறிய திருநாள். டென்மார்க்கில் அன்று எல்லாம் பூட்டு. நூலகம் பூட்டு, பள்ளிக்கூடம் பூட்டு, பஸ்சும் இல்லை. பிராண்டேத் தமிழர்களில் பாதிப்பேர் கொப்பன்ஹேகன் ஊர்வலத்துக்குப் போய்விட்டார்கள். மற்றப் பாதி ரண்டர்சில் உபவாச ஜெபத்துக்குப் போனது. ஜீவரட்ணமும் சின்னவன் ஜோனாசைக் கூட்டிக்கொண்டு விடியவே காரில் ரண்டர்சுக்குப் போனான். ரெலிபோன் வந்தாலும் வரும் என்று கிருபாமலர் வீட்டில் நின்றுவிட்டாள். பதினைந்து வயது மகள் ஹன்னா மேலே நித்திரை.

ஒன்பது மணிக்கு லப்ரொப்பில் ஜெபம் நசிந்து நசிந்து கேட்டது. "ஆண்ட... ரே... தே..." என்று வந்து நின்று, பிறகு ஒரேயடியாய்க் கொட்டியது. கிருபாமலர் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தாள். பிறகு அரிதட்டை யன்னலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நகர்த்தினாள். பிறகு, இது பிசாசின் தடை என்று தீர்மானித்து, குச்சியின்மேல் கையை வைத்துக் கடிந்து ஜெபித்தாள். அப்போதுதான் ஈமெயில் பெட்டி ஒருவழியாகத் திறந்தது. சுவாமியாரின் கடிதம் விடியவே வந்திருந்தது.

கடிதம் சுருக்கமாக இருந்தது. "மகள், பேச முடியாத நிலையில் நாலு பேர் இருக்கிறார்கள். நீங்கள் சொன்ன வயதுக்காரர். முகம் வீங்கி, தாடி வளர்ந்து, பழைய படத்தோடு ஒப்பிட எனக்கு எல்லோரும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. நாலு பேரின் படமும் அனுப்பியிருக்கிறேன். நாளைக் காலை ஒரு வாகனம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறது. பெயரும் உறவும் தெரிந்த ஆள் என்றால் நான் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்து அனுப்பலாம். இன்று பின்னேரம் ஐந்து மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். அதற்குள் எத்தனையாம் படம் என்று எழுதுங்கள். இங்கே இருந்தால் கஷ்டம்."

அங்கே பின்னேரம் ஐந்து மணி என்றால் பிராண்டேயில் பகல் ஒன்றரை. கிருபாமலர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்பதரை. நாலு மணித்தியாலம் கிடக்கிறது, நாலு படம் பார்க்க நாலு நிமிடம் போதும். "ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டு முதலாம் படத்தை அமத்தினாள்.

வட்டம் சுற்றியது.

பத்து நிமிடம் கழித்துப் படத்தின் மேல்விளிம்பு வந்தது. ஒரு விரல் அகலத்தில் நீலச் சுவர். இன்னும் ஐந்து நிமிடத்தில் கட்டிலின் இரும்புக் கம்பி. அவள் கதிரையில் இருக்கவில்லை. மேசையைச் சுற்றி நடந்தாள், வந்து பார்த்தாள், நடந்தாள். பக்கத்தில் ஜெபம் விக்கி விக்கி ஓடிக்கொண்டே இருந்தது. பத்து மணிக்கு முதலாம் படத்தில் நெற்றி வந்தது. நரைத்த மயிர். அவன் இல்லை. பாவம், எவளோ ஒருத்தி பெற்ற பிள்ளை, ஆனால் அவன் இல்லை. அவள் மாடிப்படியில் நின்று மகளைக் கூப்பிட்டாள்.

ஹன்னா கலைந்த தலையோடு வந்தாள். அவள் தமிழ் விளங்கிக்கொள்வாள், பதில் டேனிஷில்தான் சொல்வாள். அது அந்த வீட்டில் ஒரு நெடுநாள் சண்டை. கடிதத்தைத் தாய் வாசித்துச் சொல்லச் சொல்ல அவள் முகத்தில் நித்திரை கலைந்தது. லப்ரொப்பைத் தன் பக்கம் திருப்பி, மூலையில் எதையோ தட்டி, ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். அதில் கடுஞ்சிவப்பில் ஏதோ எழுதியிருந்தது. ஹன்னா அதைப் பார்த்தாள். பிறகு ஸ்கைப்பைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள். அவள் விரல் அசைந்தது, ஜெபம் நின்றது.

"என்ன செய்தனி?"

"நான் ஒன்றும் செய்யவில்லை. லைன் தானாக விழுந்தது," என்றாள் ஹன்னா டேனிஷில். "அம்மா, காட்டின் அளவு முடிந்துவிட்டது. அதுதான் வேகம் இல்லை."

"எப்பிடி முடியும்? போன சனிக்கிழமைதானே அப்பா புதுக் காட் போட்டவர். ஒரு மாசத்துக்கு வரும் எண்டு சொன்னவர்."

ஹன்னா அந்தச் சின்னப் பெட்டியை மூடினாள்.

"உன்னைத்தான் கேக்கிறன். ஆர் முடிச்சது?"

பெண் மேசை விரிப்பின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஹன்னா, வழக்கத்துக்கு மாறாக, தமிழில் சொன்னாள். "நான்தான். படம் பாத்தனான்."

கிருபாமலருக்கு வாயைவிடக் கை முந்தும். அது அவளுக்கே தெரிந்த குறை, பல தரம் ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்த குறை. அன்று அந்தக் கை முழுப்பலத்தோடும் போய்ப் பிள்ளையின் கன்னத்தில் விழுந்தது. "அங்கை உன்ர மாமா சாகக் கிடக்கிறான். இஞ்சை நீ படம் பாக்கிறாய்," என்றாள். ஹன்னா கன்னத்தைப் பொத்தவும் இல்லை, அழவும் இல்லை. கொழுவியிருந்த ஜக்கெற்றை எடுத்தாள். "பெற்றோல் நிலையம் திறந்திருக்கும். புதுக் காட் வாங்கி வருகிறேன்," என்று டேனிஷில் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். ஏழு கிலோமீற்றர், எதிர்க்காற்று.

கிருபாமலர் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். ஜீவரட்ணத்துக்கு அடித்தாள். உபவாச ஜெபத்தில் எல்லோரும் போனை அணைத்துவைப்பார்கள். அணைந்திருந்தது. கூட வேலை செய்கிற விமலாதேவிக்கு அடித்தாள். அவள் கொப்பன்ஹேகனில் ஊர்வலத்துக்கு நடுவில் நின்று, "சத்தம் கேக்கேல்லை அக்கா, பின்னேரம் எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாள். முற்றத்தைக் கடந்து ஓடிப்போய்க் கத்தரீனாவின் கதவைத் தட்டினாள். கார் இல்லை. மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். ரோசாக்கள் மொட்டுவிட்டிருந்தன. கிருபாமலர் ஒரு கணம் அவற்றை வெறுப்போடு பார்த்துவிட்டுத் திரும்ப ஓடிவந்தாள்.

இரண்டாம் படம் வந்து முடிய பதினொன்றே முக்கால். கண் மூடியிருந்தது, ஆனால் காது வேறு, தலை வேறு. அவன் இல்லை. மூன்றாம் படத்தை அமத்தும்போது ஹன்னா வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது, ஒரு பக்கக் கன்னம் மறுபக்கத்தைவிடச் சிவந்திருந்தது. காட்டைச் சுரண்டி நம்பரை அடித்தாள். அந்த நம்பரை ஏற்றுக்கொள்ளவே ஒரு பக்கம் திறக்க வேண்டும், அந்தப் பக்கம் திறக்கவே இருபது நிமிடம் எடுத்தது. கடைசியில் பதில் வந்தது. நன்றி, உங்கள் புதிய அளவு நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கும்.

ஹன்னா அதை வாசித்துச் சொல்லிவிட்டு, "இப்போதே எழுதுங்கள் அம்மா. மாமாதான் என்று எழுதுங்கள்," என்றாள்.

"எத்தினையாம் படம் எண்டு எழுதிறது? மூண்டோ நாலோ? பிழையா எழுதினால் அவன் அங்கையே கிடப்பான், வேற ஒருத்தன் அவன்ர பேரில போவான். நான் கண்ணால பாக்கவேணும்."

ஹன்னா அரிதட்டைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். வயர் எட்டுமட்டும் இழுத்து, யன்னலுக்கு வெளியே கதிரையில் ஏறி, தலைக்குமேல் அரிதட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கோடு கூடியது. கை இறங்கினால் கோடும் இறங்கியது. ஆகவே கையை இறக்காமலே நின்றாள். கிருபாமலர் உள்ளே திரைக்கு முன்னால் முழந்தாளில் இருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தாய், அந்தப் பக்கம் மகள். ஒருவரையொருவர் அவர்கள் பார்க்கவில்லை.

மூன்றாம் படம் வந்தது. நீலச் சுவர். கம்பி. வெள்ளைத் துணிக் கட்டு. கட்டு முடிகிற இடம் வரவே ஒரு மணியாகிவிட்டது. பிறகு நெற்றி, நெற்றியில் மண்நிறமாய் ஏதோ. வட்டம் சுற்றியது, நின்றது, சுற்றியது. "வாடா," என்றாள் அவள் திரையைப் பார்த்து. "வாடா ராசா, கொஞ்சம் கீழ வா." ஒன்று பத்துக்குப் புருவம். ஒன்று இருபத்தொன்றுக்குக் கண்கள்.

வலக்கண் முழுதாய்த் திறந்திருந்தது. இடக்கண் சற்றே சுருங்கி, எங்கேயோ தூரத்து ஸ்ரேசனைக் காது கொடுத்துப் பிடிக்கிறவனின் கண்ணாய் இருந்தது. சின்ன வயதிலிருந்தே றேடியோவுக்கு முன்னால் இருக்கும்போது அவன் அப்படித்தான் கண்ணைச் சுருக்குவான். அதை ஓர் அடையாளமென்று எழுத அவளுக்குத் தோன்றவே இல்லை. கூடப்பிறந்தவனின் முகத்தை யாருக்குத்தான் எழுத்தில் எழுத வரும்? கீழே மூக்கும் வாயும் இன்னும் வரவில்லை. தேவையில்லை. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி," என்று அவள் திரையைத் தொட்டாள்.

எழுதுவதற்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. மூன்றாம் படம் என் தம்பி தேவராசா, உடனே அனுப்புங்கள் சுவாமி. அமத்தினாள். வட்டம் சுற்றியது. ஒன்று இருபத்தைந்து. வெளியே ஹன்னா அரிதட்டைக் கைமாற்றிப் பிடிப்பது யன்னலில் தெரிந்தது. ஒன்று முப்பது. வட்டம் சுற்றியது. சுவர் மணிக்கூடு டிக் டிக் என்று அடிக்கிற பழைய மணிக்கூடு. அதைக் கழற்றி எறியலாமோ என்று அவளுக்குத் தோன்றியது. ஒன்று ஐம்பத்திரண்டுக்கு, கடிதம் போய்விட்டது என்று திரை சொன்னது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சுவாமியாரின் பதில் வந்தது. புதுக் காட் நள்ளிரவிலேயே வேலை செய்யத் தொடங்கியிருந்தது. கடிதம் கண்மூடித் திறக்குமுன் திறந்தது. "மகள், ஐந்து மணிவரை அலுவலகத்தில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்துதான் உங்கள் கடிதத்தைக் கண்டேன். இன்று காலை வாகனம் போய்விட்டது. தேவராசாவிடம் போய் உங்கள் பெயரைக் காதில் சொன்னேன். என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த வாகனம் திங்கட்கிழமை. முதற்பெயராக எழுதுவித்திருக்கிறேன்."

சனிக்கிழமை இரவு தேவராசா இறந்துபோனான். ஞாயிறு விடியச் செய்தி வந்தது. பெயர் எழுதிய பலகை வைத்து அடக்கம் செய்ய ஏற்பாடு செய்கிறேன், பெயரில்லாமல் போகிறவர்களுக்கு நடுவில் அதுவாவது கிடைத்ததே என்று சுவாமியார் எழுதியிருந்தார். ஜீவரட்ணம் மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குசினித் தரையில் இருந்தான். ஹன்னா கதவடியில் நின்றாள். "அவளை என்ரை கண்ணில காட்டாதேங்கோ," என்றாள் கிருபாமலர்.

அன்றைக்கே ஆராதனைக்கும் போனார்கள். போகாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. சங்கிலி ஜெபத்தின் கடைசி நாள் என்று சிஸ்டர் மேரிகிறேசும் ரண்டர்சிலிருந்து வந்திருந்தார். சாட்சி சொல்லும் நேரம் வந்தது. கிருபாமலர் எழும்பி மைக்கைப் பிடித்தாள். ஸ்தோத்திரம் சொல்லத் தொடங்கியவள், நடுவில் உடைந்தாள். "நாங்கள் எல்லாரும் ராப்பகலா ஜெபிச்சம். ஆண்டவர் கேட்டவர். என்ர தம்பியை உயிரோடை எனக்குக் காட்டினவர். ஆனால் என்ர வீட்டுக்குள்ளேயே தடை இருந்தது. என்ர பிள்ளை படம் பாத்து, இன்ரநெற்றை முடிச்சு, தாய்மாமனைச் சாகவிட்டவள். அவளின்ர மனந்திரும்புதலுக்காக ஜெபியுங்கோ."

சபையே திரும்பி ஹன்னாவைப் பார்த்தது. மேரிகிறேஸ் அவளைக் கையில் பிடித்து முன்னால் கூட்டிவந்தார். பிள்ளை தானாகவே முழங்காலிட்டாள். பெண்கள் சுற்றி நின்று தலையில் கைவைத்து, உரத்த சத்தத்தில், பிடிவாதத்தின் ஆவியே போ என்று ஜெபித்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தச் சங்கிலியில் இருந்தவர்கள். ஜோனாஸ் பயந்து தகப்பனின் மடிக்குள் ஒளிந்தான். ஹன்னா கடைசிவரை வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை, அந்த அடுத்த வாகனம் போகிற நாள், கிருபாமலர் வேலைக்குப் போகவில்லை. மற்றவர்கள் போய்விட்ட வீட்டில் யன்னலில் அந்தக் குச்சி நின்றது. வேண்டாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாமென்று கம்பனிக்கு ரெலிபோன் எடுத்தாள். மறுபக்கத்தில் இளம் குரல் ஒன்று, மரியாதையான பையன். அவளுடைய உடைந்த டேனிஷைப் பொறுமையாகக் கேட்டான். ஒரு மாதத்துக்கான காட் ஐந்து நாளில் முடிந்ததே, நீங்கள் என்ன விற்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்றான்.

"உங்கள் வீட்டில் ஒரு லைன் தொடர்ந்து திறந்தே இருந்திருக்கிறது," என்றான். "ஞாயிறு பின்னேரம் தொடங்கியிருக்கிறது. திங்கள் முழுநாள், செவ்வாய் முழுநாள், புதன் முழுநாள். இரவும் பகலும் ஒரே அளவில், இடைவெளியே இல்லாமல்."

"மகள் படம் பார்த்தாள்," என்றாள் கிருபாமலர்.

"படமென்றால் ஏறி இறங்கும். இது அப்படி இல்லை. யாரோ நாட்கணக்காகப் பேசிக்கொண்டே இருந்தது போல இருக்கிறது. வியாழன் காலை பத்தேகாலுக்கு அது நின்றிருக்கிறது. பகலில் வீட்டில் யாராவது இருப்பார்களா?"

பகலில் வீட்டில் யாரும் இருப்பதில்லை. திங்கள், செவ்வாய், புதன் ஹன்னா பள்ளிக்கூடத்தில். லப்ரொப் குசினி மேசையில். அவள் தன் கையாலேயே திறந்துவைத்துவிட்டுப் போன லப்ரொப். வியாழன் காலை பத்தேகாலுக்கு ஹன்னாவின் விரல் அசைந்ததும், ஜெபம் நின்றதும், பிள்ளை தன்னைப் பார்த்த பார்வையும் கிருபாமலருக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. அந்தப் பையன் இரண்டு தரம் ஹலோ என்றான். அவள் நன்றி சொல்லி வைத்தாள். காட்டை முடித்தது படம் அல்ல, அவள் வெட்டாமல் விட்ட ஜெபம். தம்பிக்காகத் தான் கேட்ட ஒவ்வொரு மன்றாட்டும் அந்த அரிதட்டு வழியாகத்தான் போயிருக்கிறது. தம்பியின் முகம் வரவேண்டிய வழியும் அதுதான்.

மூன்று மணிக்கு ஹன்னா வந்தாள். சைக்கிளைச் சுவரில் சாத்தி, சப்பாத்தைக் கழற்றி, தாயைப் பார்க்காமல் மாடிப்படிக்குப் போனாள். நாலு நாளாக அப்படித்தான்.

"ஹன்னா."

பிள்ளை நின்றாள்.

"கொம்பனிக்காரனோடை கதைச்சனான்." அவள் கதிரையை விட்டு எழும்பினாள். "நீ படம் பாக்கேல்லை. ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை? அடிக்கேக்கையும் சொல்லேல்லை. சபையில அத்தினை பேருக்கு முன்னாலயும் சொல்லேல்லை."

ஹன்னா படியின் கைபிடியைப் பிடித்தபடி நின்றாள். டேனிஷில் தொடங்கி, நிறுத்தி, சொல் தேடி, தமிழில் சொன்னாள். "சொன்னால் நீங்கள் இனி ஜெபம் பண்ணமாட்டீங்கள். ஜெபமும் இல்லாட்டி உங்களுக்கு வேற ஒண்டும் இல்லைத்தானே அம்மா."

கிருபாமலர் போய் அவளைப் பிடித்தாள். அடித்த கன்னத்தைத் தடவினாள். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தாள், அழுகைதான் வந்தது. பிள்ளைக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. இரண்டு பேரும் படியில் இருந்து அழுதார்கள். மாமாவுக்காக ஹன்னா அதுவரை அழவே இல்லை என்பது தாய்க்கு அன்றுதான் தெரிந்தது.

ஆறு மணி. அந்த வீட்டில் குடும்ப ஜெப நேரம். ஜீவரட்ணம் இன்னும் வேலையால் திரும்பவில்லை, ஜோனாஸ் விளையாடிக்கொண்டிருந்தான். கிருபாமலர் வழக்கமான இடத்தில், குசினி மேசையடியில், முழங்காலிட்டுக் கண்ணை மூடினாள். ஒரு சொல்லும் வரவில்லை. சனிக்கிழமைவரை தண்ணீர்போல ஓடிய சொற்களில் ஒன்றுகூட இல்லை. எழும்பிவிடலாம் என்று நினைத்தபோது பின்னால் பலகை கிரீச்சிட்டது. ஹன்னா கதவடியில் வந்து நிற்கிறாள், தாய் ஜெபிக்கிறாளா என்று பார்க்கிறாள். கிருபாமலர் எழும்பவில்லை. உதட்டை மட்டும் அசைத்தபடி, பிள்ளை மேலே போகும்வரை அப்படியே இருந்தாள்.